3 சென்ட் பட்டா இருக்கிறது, அரசு வீட்டுக்குப் பணி உத்தரவு வந்துவிட்டது. கையில் எவ்வளவு பணம் வேண்டும்?

கேட்டிருப்பது இதுதான்: தமிழ்நாட்டில் ஒரு கிராமம், பிரதம மந்திரி கிராமப்புற வீட்டுத் திட்டம், சொந்தப் பட்டா. அரசு தரும் பணத்திலேயே வீட்டை முடித்துவிடலாமா?

முடியாது. எவ்வளவு குறையும் என்பதை முதலில் பார்த்துவிடலாம். திட்டத்தின் அடிப்படைத் தொகை 1,20,000 ரூபாய். இதில் மத்திய அரசு 72,000, மாநிலம் 48,000. கான்கிரீட் கூரைக்கென்று தமிழ்நாடு அரசு தனியாக 1,20,000 சேர்க்கிறது. நூறு நாள் வேலையில் 90 நாள் கூலி, 2025-26 கூலியான 336 ரூபாய்க் கணக்கில் 30,240. கழிப்பறைக்கு 12,000. எல்லாம் சேர்த்து 2,82,240. திட்டம் கேட்கும் குறைந்தபட்ச அளவு 25 சதுர மீட்டர், அதாவது 269 சதுர அடி. 300 சதுர அடி கட்டுகிறீர்கள், சதுர அடிக்கு 1,800 என்று அடக்கமாகவே வைத்தாலும் 5,40,000 ஆகிறது. ஏறக்குறைய பாதி உங்கள் பாடு.

ஆனால் வீடு பாதியில் நிற்பதற்கு இந்தப் பற்றாக்குறையை விடப் பெரிய காரணம், பணம் வரும் நேரம். பேஸ்மட்டம், லிண்டல் (கதவு ஜன்னலுக்கு மேல் வரும் கான்கிரீட் பட்டை), தளம் (கான்கிரீட் கூரை), முடிவு என்று நான்கு கட்டமாகத்தான் பில் போடுவார்கள். ஒவ்வொரு கட்டமும் முடிந்து, ஓவர்சியர் வந்து படம் எடுத்து ஏற்றிய பிறகுதான் பணம். அதாவது ஒவ்வொரு கட்டத்துக்கும் முதலில் நீங்கள் செலவழிக்க வேண்டும். ஊராட்சி ஒன்றிய அலுவலகத்திலிருந்து சிமென்டும் கம்பியும் கொடுத்தால் அதன் விலையைத் தவணையில் கழித்துக்கொள்வார்கள். அதையும் பணமாக எண்ணிவிடாதீர்கள்.

கை இறுகும் இடங்கள் இரண்டு. ஒன்று அஸ்திவாரம். வாணம், அதாவது அஸ்திவாரக் குழி தோண்டும்போதே மண் என்னவென்று தெரிந்துவிடும். செம்மண், சரளை என்றால் கவலையில்லை. கரிசல் என்றால் ஆழம் கூடும், முதல் தவணை வருமுன்பே போட்ட கணக்கு கவிழ்ந்துவிடும். 20×15 அடி வீட்டுக்கு இரண்டடி உயரத்துக்குக் கிராவல் நிரப்பவே ஆறு யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி) ஆகும்.

இரண்டாவது தளம். மிகவும் மோசமானது இதுதான். சுவரைக் காசு கிடைக்கக் கிடைக்க ஏற்றலாம். ஒரு வாரம் நிறுத்தினால் குடிமுழுகாது. தளத்தை ஒரே நாளில் போட்டாக வேண்டும். 300 சதுர அடிக்கு 5 அங்குலம் என்றால் 125 கன அடி கான்கிரீட். 1:1½:3 (சிமென்ட், மணல், ஜல்லி) கலவைக்கு 28 மூட்டை சிமென்ட், ஒரு யூனிட்டுக்குச் சற்று மேல் ஜல்லி, அரை யூனிட் எம்-சாண்ட், 250 முதல் 300 கிலோ கம்பி. இதோடு சென்ட்ரிங் (கான்கிரீட்டைத் தாங்கும் பலகையும் முட்டும்) வாடகை, மிக்சர், ஆள் கூலி. இத்தனையும் அந்த ஒரு நாளுக்குள் கைக்கு வந்திருக்க வேண்டும். அப்போது உங்களுக்கு வந்திருப்பது இரண்டு தவணைதான், அதுவும் சுவரில் கரைந்திருக்கும். ஊருக்கு ஊர் லிண்டலோடு நிற்கும் வீடுகளெல்லாம் இந்த இடத்தில் சிக்கியவைதான். வாடகை ஏறுகிறதே என்று சென்ட்ரிங்கை அவசரமாகப் பிரிக்கவும் வேண்டாம். பிபிசி (PPC, சாம்பல் கலந்த) சிமென்ட் மெதுவாகத்தான் இறுகும். 14 நாள் முட்டு நிற்கட்டும், அந்த 14 நாளும் தளத்தின் மேல் தண்ணீர் தேங்கட்டும்.

இந்த இரண்டு இடத்துக்குமான சுழல் பணத்தை எங்கே வாங்குகிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 75,000 ரூபாயை ஆறு மாதத்துக்கு மூணு வட்டிக்கு (மாதம் நூற்றுக்கு மூன்று ரூபாய்) எடுத்தால் வட்டி மட்டும் 13,500. கம்பி கிலோ 60 என்றால், தளத்துக் கம்பியில் 225 கிலோ அப்படியே போயிற்று. மகளிர் குழுக் கடனில் 3 லட்சம் வரை ஆண்டுக்கு 7 சதவீதம். அதே 75,000க்கு 2,625. ஆனால் அந்த 3 லட்சம் குழு முழுவதற்கும் என்பதால், வாணம் தோண்டுவதற்கு இரண்டு மூன்று மாதம் முன்பே குழுவில் பேசிவையுங்கள். அடுத்தது வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ நகைக்கடன். ஹார்டுவேர் கடைக் கடனுக்கு வட்டி இல்லை என்பார்கள். மூட்டை விலையில் அது ஏறியிருக்கும், ரொக்க விலையைக் கேட்டுப் பாருங்கள்.

திட்ட விதிமுறையில் 70,000 வரை வங்கிக் கடன் பெற உதவலாம் என்று இருக்கிறது. விண்ணப்பித்துப் பாருங்கள், நம்பி உட்கார வேண்டாம். நத்தம் பட்டா, கூட்டுப் பட்டா, தாத்தா பெயரில் மூலப்பத்திரம் என்றால் வங்கி வழக்கறிஞர் எளிதில் கையெழுத்துப் போடமாட்டார். கூட்டுப் பட்டா என்றால் உங்கள் பங்கைத் தனிப் பட்டாவாக்கும் உட்பிரிவுக்கு இப்போதே மனு கொடுங்கள்.

செலவைக் குறைக்கச் சுவரில் இடமிருக்கிறது. இந்த அளவு வீட்டுக்கு, நடுச்சுவரையும் சேர்த்து, கதவு ஜன்னல் போக 750 சதுர அடி சுவர் வரும். 9 அங்குலச் செங்கல் சுவருக்கு 8,000 கல் பிடிக்கும். 16×8×6 சாலிட் பிளாக் என்றால் 825 போதும். கலவையும் கொத்தனார் நாளும் குறையும், சுவர் மெலிவதால் உள்ளே 20 சதுர அடிக்கு மேல் இடமும் கிடைக்கும்.

“கட்டுவது ஒரே தடவை, பெரிதாகவே போட்டுவிடுவோம்” என்று மேஸ்திரியும் மாமனாரும் சேர்ந்து சொல்வார்கள். 550 சதுர அடிக்குப் பேஸ்மட்டம் போட்டாலும் தவணை அதேதான், தளச் செலவு ஏறக்குறைய இரட்டிப்பு. பின்னால் பெரிதாக்கும் எண்ணம் இருந்தால், வீட்டை மனையின் ஒரு ஓரமாகத் தள்ளிக் கட்டி, நீட்டப்போகும் பக்கம் தளக் கம்பியை இரண்டடி வெளியே விட்டு, துருப்பிடிக்காமல் சிமென்ட் பால் அடித்து வையுங்கள்.

முதல் படம் எடுத்த இடத்திலிருந்து வீட்டை நகர்த்தாதீர்கள். அடுத்த படத்தில் இடம் ஒத்துவராவிட்டால் பில் நின்றுவிடும். வங்கிக் கணக்கு இரண்டு மூன்று இருந்தால், ஆதாரோடு கடைசியாக எது இணைக்கப்பட்டது என்று வங்கியில் கேட்டுக்கொள்ளுங்கள். நூறு நாள் கூலி அதில்தான் விழும். கழிப்பறையைக் கடைசிக்குத் தள்ளாமல் லிண்டல் மட்டத்திலேயே குழியை வெட்டிவிடுங்கள். கூலியாட்கள் ஏற்கெனவே அங்கே இருப்பார்கள்.