மறுபடியும் சூளைக்கு ஏன் போனார்கள்?

வணக்கம் ஐயா,

செஞ்சிப் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளியில் ஆசிரியராக இருக்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன் செங்கல் சூளையில் கொத்தடிமைகளாக இருந்து மீட்கப்பட்ட இருளர் பழங்குடிக் குடும்பம் ஒன்று எங்கள் ஊர் ஏரிக்கரையில் குடியிருந்தது. பிள்ளைகள் இருவரும் எங்கள் பள்ளியில்தான் படித்தார்கள். பொங்கல் விடுமுறை முடிந்து பார்த்தால் இரண்டு பேரையும் காணோம். குடும்பமே முன்பணம் வாங்கிக்கொண்டு வேறொரு சூளைக்குப் போய்விட்டதாம். அரசாங்கம் மீட்டது, பணமும் கொடுத்தது. அதற்கப்புறமும் அவர்களாகவே போனால் நாம் என்ன செய்ய முடியும்? கோபமும் வருத்தமுமாக இருக்கிறது.

ஆர்., செஞ்சி

அன்புள்ள ஆர்.,

அந்தப் பிள்ளைகள் மேல் உள்ள அக்கறைதான் உங்களுக்குக் கோபமாக வந்திருக்கிறது. ஆனால் "அவர்களாகவே போனால்" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தைத் தாண்டி என்னால் சுலபமாகப் போக முடியவில்லை. டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டட வேலை செய்த தொழிலாளர்கள் வழக்கில், 1982-இல், உச்ச நீதிமன்றம் இதைப் பற்றித் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஒருவரைச் சங்கிலியால் கட்டி இழுத்துப் போனால்தான் கட்டாயம் என்றில்லை. பசிக்கும் வறுமைக்கும் பயந்து, குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே வேலை செய்ய ஒருவர் சம்மதித்தால் அதுவும் கட்டாய உழைப்புதான்; அரசியலமைப்பின் 23-வது பிரிவு அதைத் தடை செய்கிறது.

அவர்கள் எந்த மாதத்தில் முன்பணம் வாங்கினார்கள் என்று விசாரித்துப் பாருங்கள். பெரும்பாலும் மழைக்காலமாக இருக்கும். மழை விட்டு, தை பிறந்தால்தான் சூளையில் செங்கல் அறுப்பு தொடங்கும்; ஆனி வாக்கில் முடியும். மீதி மாதங்களில் நடவு, களை என்று சில நாள் வேலை கிடைத்தால் உண்டு. அந்த நேரத்தில்தான் குழந்தைக்குக் காய்ச்சல் வரும், கூரை ஒழுகும், வீட்டில் ஒரு பிரசவமோ சாவோ வரும். கையில் ஐயாயிரம் ரூபாய் வேண்டும். யாரிடம் கேட்பது? அடகு வைக்க நகை கிடையாது. வேலை தேடி இடம் மாறிக்கொண்டே இருப்பவர்களை மகளிர் குழுவில் சேர்க்க ஊரில் தயங்குகிறார்கள். வங்கிக்குள் நுழையவே அவர்களுக்குக் கூச்சம். சூளைக்கு ஆள் சேர்க்கும் மேஸ்திரி மட்டும் வீடு தேடி வருகிறார். காகிதம் கேட்பதில்லை, ஜாமீன் கேட்பதில்லை, அன்றைக்கே பணம் தருகிறார்.

அந்தக் குடும்பத்துக்குத் திறந்திருக்கும் ஒரே கடன் வாசல் அதுதான். உள்ளே போன பிறகு என்ன நடக்கும் என்பது அவர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று பேசுவார்கள், வாரா வாரம் செலவுக்காசு மட்டும் தருவார்கள், கணக்குப் பார்க்கும் நாளில் இன்னும் பாக்கி இருக்கிறது என்பார்கள். தெரிந்தும் போகிறார்கள் என்றால், போகாமல் இருந்தால் என்ன ஆகும் என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

"பணமும் கொடுத்தது" என்கிறீர்கள். 2016-ஆம் வருடத்து மத்திய அரசின் மறுவாழ்வுத் திட்டப்படி ஆணுக்கு 1 லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 2 லட்சம், மிகக் கொடுமையான நிலையிலிருந்து மீட்கப்பட்டவர்களுக்கு 3 லட்சம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் உடனே கைக்கு வருவது அதில் ஒரு சிறு பகுதி. முதலில் 20,000 ரூபாய் என்று இருந்தது, பிறகு 30,000 வரை என்று உயர்த்தினார்கள். மீதித் தொகை, அடிமைப்படுத்தியவருக்குத் தண்டனை கிடைப்பதோடு கட்டிவைக்கப்பட்டிருக்கிறது. வழக்கு வருடக்கணக்கில் இழுக்கும். சாட்சி சொல்லப் போகிற ஒவ்வொரு நாளும் கூலி போகும். காவல்துறையும் நீதிமன்றமும் மெதுவாக நடந்தால் அதற்கு இந்த மக்கள் பட்டினி கிடக்க வேண்டுமா? அந்தத் திட்டத்தின் ஆகப்பெரிய தவறு இதுதான் என்று நினைக்கிறேன்.

ஆடு வாங்கிக் கொடுக்கிறார்கள், நல்லதுதான். ஆனால் ஏரிப் புறம்போக்கில் பட்டா இல்லாமல் குடிசை போட்டிருப்பவர் ஆட்டை எங்கே கட்டுவார்? முதல் காய்ச்சலுக்கே அந்த ஆடு விலைக்குப் போய்விடும். முதலில் மனைப்பட்டா, ரேஷன் அட்டை, சாதிச் சான்றிதழ். ஆடு மாடெல்லாம் அப்புறம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். கல் அறுப்பதில் கைதேர்ந்தவர்களுக்கு அவர்களுக்கு ஒட்டாத வேறு ஏதாவது தொழிலைச் சொல்லிக்கொடுத்துவிட்டு, ஒட்டவில்லையே என்கிறோம். திருவள்ளூர் மாவட்டத்தில் மீட்கப்பட்டவர்களே சேர்ந்து, சொந்தமாகச் செங்கல் சூளை நடத்தத் தொடங்கினார்கள். வேலை அதேதான், ஆனால் சூளை அவர்களுடையது. மாமல்லபுரம் பக்கத்தில், வடநெம்மேலியில், இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் இருக்கிறது. அதுவும் அவர்கள் கைவசம் ஏற்கெனவே இருந்த திறமையை வைத்து எழுந்ததுதான்.

1976-ஆம் வருடத்துக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தை நாம் மீட்பதற்கான சட்டம் என்று மட்டுமே நினைக்கிறோம். அதன் 11-வது பிரிவைப் படித்துப் பாருங்கள். விடுவிக்கப்பட்டவர் இன்னொரு முறை அப்படிக் கடன்பட வேண்டிய காரணமே வராதபடி, முடிந்தவரை அவருடைய பொருளாதார நலனைக் காக்கும் பொறுப்பை மாவட்ட ஆட்சியரிடம் கொடுக்கிறது. 14-வது பிரிவு, கிராம வங்கிகளும் கூட்டுறவுச் சங்கங்களும் இவர்களுக்குப் போதுமான கடன் கொடுக்கும்படி ஒருங்கிணைப்பதையும் அந்தச் சட்டப்படி அமைக்கப்படும் கண்காணிப்புக் குழுவின் வேலை என்கிறது. அந்தக் குழுவில் வங்கித் தரப்பிலிருந்து ஒருவர் இருக்க வேண்டும். மேஸ்திரி ஒருநாள் வாசலில் வந்து நிற்பார் என்பது சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. உங்கள் கோபத்தை இந்தப் பக்கம் திருப்பலாம்.

நீங்கள் என்ன செய்யலாம் என்று கேட்டீர்கள். பிள்ளைகளின் பெயரைப் பதிவேட்டிலிருந்து எடுத்துவிடாதீர்கள். அவர்கள் எந்தச் சூளையில் இருக்கிறார்கள் என்று உறவினர்களிடம் கேளுங்கள். நினைத்தபோது கிளம்பி வர முடியாத நிலை என்றால், அந்தப் பகுதிக் கோட்டாட்சியருக்கு உடனே மனுக் கொடுங்கள். ஒருமுறை மீட்கப்பட்டவர் என்பதால் சட்டம் அவரைக் கைவிட்டுவிடாது. அந்த இரண்டாவது முன்பணமும் கொத்தடிமைக் கடன் என்றால் செல்லாது.

ஆனியில் அவர்களாகத் திரும்பி வந்தால், கொத்தடிமையிலிருந்து விடுவிக்கப்பட்டதற்கான விடுதலைச் சான்றிதழ் இருக்கிறதா என்று கேளுங்கள். பழங்குடிச் சான்றிதழும் கோட்டாட்சியர் அலுவலகத்தில்தான் தருகிறார்கள். இரண்டில் எது இல்லையென்றாலும், அங்கே அவர்களோடு ஒருமுறை நீங்களும் போய் வாருங்கள். வாத்தியார் கூட வந்தால் அவர்களை உட்காரச் சொல்வார்கள். மழை தொடங்குவதற்குள் இது நடக்க வேண்டும். என்ன ஆயிற்று என்று எனக்கும் எழுதுங்கள்.