ரொக்கமாகவும் கட்டினேன், ஃபாஸ்டேக்கிலும் பிடித்தார்கள்: சுங்கச்சாவடியில் நமக்குள்ள உரிமை என்ன?

கேள்வி: அம்பத்தூரில் குடியிருக்கிறேன். தாம்பரத்தில் வேலை என்பதால் தினமும் சொந்தக் காரில் புறவழிச்சாலை வழியாகச் சென்று வருகிறேன்; போகும்போதும் வரும்போதும் ஒரு சுங்கச்சாவடியைக் கடக்க வேண்டியிருக்கிறது. சென்ற மாதம் ஒரு நாள் காலை, என் ஃபாஸ்டேக் கருப்புப் பட்டியலில் இருப்பதாகச் சொல்லி இருமடங்குக் கட்டணத்தை ரொக்கமாக வாங்கிக்கொண்டார்கள். கணக்கில் பணம் இருந்தது. அன்று மாலையே, அதே கடப்புக்கான கட்டணம் ஃபாஸ்டேக் கணக்கிலிருந்தும் பிடிக்கப்பட்டதாகக் குறுஞ்செய்தி வந்தது. வங்கியைக் கேட்டால் சாவடியைக் கேளுங்கள் என்கிறார்கள். சாவடியில் வங்கியைக் கேளுங்கள் என்கிறார்கள். சாலை வரி, பெட்ரோல் மீதான வரி எல்லாம் கட்டிய பிறகும் இதை நான் கட்டத்தான் வேண்டுமா? இருபது கிலோமீட்டருக்குள் குடியிருப்பவர்களுக்குக் கட்டணமே கிடையாது என்கிறார்களே, அது உண்மையா? இந்த வசூலுக்கு முடிவே இல்லையா?

பதில்: உங்கள் கடிதத்தில் பணம் திரும்பக் கிடைக்கக்கூடிய குறை ஒன்றும், கொள்கை பற்றிய கேள்விகள் சிலவும் கலந்திருக்கின்றன. இரண்டையும் ஒரே புகாரில் எழுதினால் முதலாவதும் கெட்டுப்போகும் என்பதால், அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

தேசிய நெடுஞ்சாலைக் கட்டணத்தை ஆள்வது 2008ஆம் ஆண்டின் கட்டண நிர்ணய மற்றும் வசூல் விதிகள். அவற்றின் 6ஆம் விதிப்படி, செல்லுபடியாகும் ஃபாஸ்டேக் இல்லாமல் சாவடிக்குள் நுழையும் வாகனம் இருமடங்கு கட்ட வேண்டும். 2025 நவம்பர் 15 முதல் இதில் ஒரு தளர்வு உண்டு: ரொக்கமாகக் கட்டினால்தான் இருமடங்கு, யுபிஐ மூலம் கட்டினால் ஒன்றேகால் மடங்கு போதும். மறுபுறம், உங்கள் ஃபாஸ்டேக் செல்லுபடியாகும் நிலையில், போதிய இருப்போடு இருந்து, சாவடியின் கருவிக் கோளாறால் மட்டும் படிக்க முடியாமல் போயிருந்தால், கட்டணம் ஏதும் வாங்காமல் பூஜ்ஜிய ரசீது கொடுத்து உங்களை அனுப்பியிருக்க வேண்டும். 2018 மே மாதத் திருத்தம் இதைத் தெளிவாகச் சொல்கிறது.

ஆகவே, அன்று காலை அந்த நிமிடத்தில் உங்கள் ஃபாஸ்டேக் எந்த நிலையில் இருந்தது என்பதில்தான் வழக்கே நிற்கிறது. இருப்பு இருப்பதால் மட்டும் அது நல்ல நிலையில் இருந்ததாகாது. கேஒய்சி எனும் அடையாளச் சரிபார்ப்பு முழுமையாகாமை, பதிவு எண்ணுக்கும் வாகனத்துக்கும் பொருந்தாமை போன்ற காரணங்களுக்காகவும் கருப்புப் பட்டியலில் சேர்ப்பார்கள். ஃபாஸ்டேக்கை வழங்கிய வங்கியிடம், அந்தத் தேதியில் அது எத்தனை மணிக்கு எந்த நிலையில் இருந்தது என்ற விவரத்தை எழுத்து மூலம் கேளுங்கள். நிலை சரியாக இருந்ததென்றால் ரொக்கமாக வாங்கிய இருமடங்கும் சட்டவிரோதமான வசூல், முழுத்தொகையையும் கேட்கலாம். உண்மையிலேயே கருப்புப் பட்டியலில் இருந்ததென்றால் ரொக்கமாகக் கட்டியது போனதுதான். ஆனால் மாலையில் கணக்கிலிருந்து பிடித்ததற்கு எந்த நியாயமும் இல்லை, ஏனென்றால் ஒரு கடப்புக்கு இரண்டு முறை வசூலிக்க விதிகளில் இடமில்லை. எந்தப் பக்கம் பார்த்தாலும் ஏதோ ஒரு தொகை உங்களுக்குத் திரும்ப வர வேண்டியதே. அந்த ரொக்க ரசீதைத் தூக்கி எறியாமல் வைத்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். சாவடி ரசீதுகளின் அச்சு சில மாதங்களில் மங்கிவிடும் என்பதால் இன்றைக்கே அதைப் புகைப்படம் எடுத்து வையுங்கள்.

புகாரைத் தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் 1033 என்ற உதவி எண்ணில் பதிவு செய்து, பதிவு எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். அதே நாளில் வங்கியிடமும், தவறாகப் பிடித்த தொகையைத் திருப்பி வரவு வைக்கக் கோரி எழுதுங்கள். முப்பது நாட்களுக்குள் வங்கி பதில் தராவிட்டாலோ, தந்த பதில் சரியில்லை என்றாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். அதற்கும் மேலே போக நேர்ந்தால் நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி, எதிர்த்தரப்பு எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே மனுத் தாக்கல் செய்யலாம். செலுத்திய தொகை ஐந்து லட்சத்துக்கு உட்பட்டிருந்தால் கட்டணமும் இல்லை. காலக்கெடு இரண்டு ஆண்டுகள். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: வங்கி, வசூல் நிறுவனம், தேசிய நெடுஞ்சாலை ஆணையம் ஆகிய மூவரையும் எதிர்மனுதாரர்களாகச் சேருங்கள். ஒருவரை விட்டுவிட்டால், மற்றவர் குற்றத்தை வராதவர் தலையில் கட்டிவிட்டுப் போய்விடுவார்.

அடுத்து, இருபது கிலோமீட்டர் விஷயம். கைப்பேசியில் சுற்றும் செய்தி பாதி உண்மை. 2024 செப்டம்பரில் வந்த திருத்தம், செயற்கைக்கோள் வழியாகத் தூரத்தைக் கணக்கிட்டு வசூலிக்கும் முறைக்கானது. அந்த முறையில் கட்டணம் செலுத்தும் வாகனத்துக்குத்தான் ஒரு நாளில் ஒரு திசையில் முதல் இருபது கிலோமீட்டர் இலவசம். தடுப்புக்கட்டை வைத்து ஃபாஸ்டேக்கைப் படிக்கும் உங்கள் சாவடிக்கு அது பொருந்தாது. நூறு மீட்டருக்கு மேல் வரிசை நின்றால் மஞ்சள் கோட்டைக் காட்டி இலவசமாகப் போகலாம் என்ற செய்தியும் அப்படித்தான். 2021இல் வந்த அந்த வழிகாட்டுதலை நெடுஞ்சாலை ஆணையம் 2024இலேயே திரும்பப் பெற்றுவிட்டது.

ஆனால் உங்களுக்கு உண்மையிலேயே பயன்படக்கூடிய ஒன்று 9ஆம் விதியில் இருக்கிறது. சாவடியிலிருந்து இருபது கிலோமீட்டருக்குள் வசிப்பவர், வணிகப் பயன்பாடில்லாத சொந்த வாகனத்துக்கு உள்ளூர் மாதாந்திர பாஸ் பெறலாம். அதன் விலை 2025-26 நிதியாண்டில் 350 ரூபாய். எத்தனை முறை கடந்தாலும் அதே தொகைதான். 2025 ஆகஸ்ட் 15 அன்று 3,000 ரூபாய் விலையில் அறிமுகமான ஆண்டு பாஸைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். அது ஓராண்டு அல்லது 200 கடப்புகள், இவற்றில் எது முன்னதோ அதுவரை செல்லும். தினமும் போக ஒன்று, வர ஒன்று என்று கடப்பவருக்கு நூறே வேலைநாட்களில், அதாவது நான்கே மாதங்களில், அது தீர்ந்துவிடும். அந்த அறிமுக விலையில் கடப்புக்குப் பதினைந்து ரூபாய் விழுகிறது. உள்ளூர் பாஸில் மாதம் ஐம்பது கடப்பு என்று வைத்தால் ஏழு ரூபாய். திருச்சி, மதுரை என்று அடிக்கடி ஓடுபவருக்கு ஆண்டு பாஸ் லாபம். உங்களைப் போல ஒரே சாவடியைத் தினமும் கடப்பவருக்கு உள்ளூர் பாஸே சரி. முகவரிச் சான்றும் ஆர்.சி. புத்தகமும் எடுத்துக்கொண்டு சாவடி அலுவலகத்துக்குச் செல்லுங்கள். சர்வீஸ் சாலை அல்லது மாற்றுப் பாதை இருந்தால் இந்தப் பாஸ் தரத் தேவையில்லை என்றும் அதே விதி சொல்வதால், மறுத்தால் காரணத்தை எழுதித் தரச் சொல்லுங்கள்.

சாலை வரி கட்டியவன் இதையும் கட்ட வேண்டுமா என்ற கேள்விக்குச் சட்டத்தின் பதில், ஆம் என்பதே. வாகன வரி 1974ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டப்படி மாநில அரசுக்குச் செல்கிறது. சுங்கக் கட்டணமோ 1956ஆம் ஆண்டுத் தேசிய நெடுஞ்சாலைகள் சட்டத்தின் 7ஆம் பிரிவின்படி, நெடுஞ்சாலையில் வழங்கப்படும் சேவைக்கு ஈடாகப் பெறப்படுவது. இரண்டும் வேறு வேறு என்பதால், சாவடியில் வண்டியை நிறுத்தி இந்த வாதத்தை வைப்பதில் பின்னால் நிற்பவர்கள் ஹாரன் அடிப்பதைத் தவிர வேறு பலன் இருக்காது. தொகை எப்படி வருகிறது என்றும் கேட்கலாம்: நான்கு வழிச்சாலையில் காருக்குக் கிலோமீட்டருக்கு 65 காசு என்பது 2007-08ஆம் ஆண்டின் அடிப்படை விகிதம், ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் தேதியில் அதன் மீது 3 சதவீதமும், மொத்த விலைக் குறியீட்டு உயர்வில் 40 சதவீதமும் ஏறும்.

சேவைக்கு ஈடு என்று சட்டமே சொல்வதால், சேவை இல்லாத இடத்தில் கட்டணம் எப்படி நிற்கும் என்று கேட்க நமக்கு வழி பிறக்கிறது. மதுரவாயல்–வாலாஜா சாலை பழுதடைந்து கிடந்தபோது, நெமிலி, சென்னசமுத்திரம் சாவடிகளில் பாதிக் கட்டணம் மட்டுமே வாங்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவிட்டது. கேரளத்தின் பாலியேக்கரை சாவடியில் 2025 ஆகஸ்டில் அம்மாநில உயர் நீதிமன்றம் வசூலையே நிறுத்திவைத்தது. அதை எதிர்த்த மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தபோது, வரியும் கட்டிவிட்டுக் குழிகளைக் கடக்க மக்கள் மேலும் பணம் கட்ட வேண்டியதில்லை என்ற கருத்தைப் பதிவு செய்தது. பின்னர் அங்கே வசூல் மீண்டும் தொடங்கியது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இத்தகைய நிவாரணம் உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும் ரிட் மனுவில்தான் கிடைக்கும். நீங்களாகவே கட்டணத்தை மறுத்தால் கிடைக்காது.

முடிவே இல்லையா என்று கேட்டிருந்தீர்கள். முதலீடு மீண்ட பிறகு கட்டணம் 40 சதவீதமாகக் குறைய வேண்டும் என்று 2008 விதிகள் சொல்லின. 2023 அக்டோபர் திருத்தம் அந்தக் குறைப்பை எடுத்துவிட்டது. எனவே போட்ட பணம் வந்துவிட்டதே என்ற வாதம் முன்பைவிட இன்று பலவீனமானது. டெல்லி–நொய்டா பாலத்தில், செலவும் கணிசமான லாபமும் கிடைத்துவிட்டதால் வசூல் கூடாது என்று 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. ஆனால் அங்கே தனியார் நிறுவனத்துக்கு என்றைக்கும் தீராத லாபத்தைத் தரும்படி ஒப்பந்தமே எழுதப்பட்டிருந்தது. அந்தத் தீர்ப்பை எல்லாச் சாவடிக்கும் நீட்ட முடியாது.

என் கருத்தையும் மறைக்கவில்லை. விழுப்புரம் தாண்டிப் போகிறவருக்கு மிச்சமாகும் நேரமும் டீசலும் கட்டணத்துக்கு ஈடாகலாம். பழைய பாதையில் போவதா என்று தீர்மானிக்கும் வாய்ப்பும் அவருக்கு உண்டு. நகருக்குள் வேலைக்குப் போய் வருபவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. அவருக்கு இது இன்னொரு வரிதான். சாவடி நகராட்சி எல்லையிலிருந்து பத்து கிலோமீட்டருக்கு அப்பால் இருக்க வேண்டும் என்பது 8ஆம் விதியின் பொதுநெறி. ஆனால் நகரவாசிகளின் பயன்பாட்டுக்காகவே முதன்மையாகக் கட்டிய சாலைக்கு அதிலேயே விலக்கும் இருப்பதால், புறவழிச்சாலைச் சாவடிகளை நீதிமன்றத்தில் அகற்றுவது எளிதல்ல. ராஜீவ் காந்தி சாலையில் 2021 ஆகஸ்டில் நான்கு சாவடிகளும், 2023 அக்டோபரில் நாவலூர் சாவடியும் மூடப்பட்டது மாநில அரசின் முடிவால். அது மாநில அரசின் சாலை. உங்கள் சாலை மத்திய அரசுடையது என்பதால், அகற்றக் கோரும் மனுவைச் சாலைப் போக்குவரத்து அமைச்சகத்துக்கும் உங்கள் நாடாளுமன்ற உறுப்பினருக்கும் தனியாக அனுப்புங்கள். பணத்தைத் திரும்பக் கேட்கும் புகாரில் இதில் ஒரு வரியும் சேர வேண்டாம்.