கை காட்டினால் லிங்க் ஆகிவிடுமா?

இணையப் பக்கங்களை அழுத்தி அழுத்திக் குற்றம் கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு. ஆபீசில் டெஸ்ட்டர் என்பார்கள். பிரவுசர் சந்தேகங்களை எழுதுங்கள் என்று போன இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே புகார்: அழுத்தினால் ஒரு தளத்தில் ஒன்று நடக்கிறது, இன்னொரு தளத்தில் வேறொன்று நடக்கிறது. சரி, இந்த முறை முழுக்க அதுவே.

செய்தித் தளங்களில் தலைப்பின் மேல் ரைட் கிளிக் செய்தால் 'புதிய டேபில் திற' என்று வருகிறது. ஒரு பஸ் டிக்கெட் தளத்தில் 'விவரம் பார்' என்பதன் மேல் செய்தால் வருவதில்லை. இரண்டின் மேலும் கைச் சின்னம் தோன்றுகிறதே, என் கம்ப்யூட்டரில் கோளாறா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், பரமக்குடி

கம்ப்யூட்டர் மேல் பழி இல்லை ஐயா. லிங்க் என்றால் அதற்குள் ஒரு முகவரி இருக்கும். அது இருப்பதால்தான் புதிய டேபில் திறக்கவோ, காப்பி எடுக்கவோ, அப்படியே இழுத்துக்கொண்டு போய் மேலே டேப் வரிசையில் போடவோ பிரவுசர் விடுகிறது. கன்ட்ரோலோடு கிளிக், மவுஸ் சக்கரத்தை அழுத்துவது எல்லாம் இந்தக் கணக்கில்தான். பட்டனுக்குள் முகவரி கிடையாது. 'அழுத்தினால் இதைச் செய்' என்ற வேலை மட்டும் இருக்கும். புதிய டேபில் திற என்றால் எதைத் திறப்பது?

உங்கள் 'விவரம் பார்' அநேகமாக இரண்டுமே இல்லை. வெறும் எழுத்துக்குப் பின்னால் ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல்மொழியில் கொஞ்சம் எழுதி ஒட்டி, அழுத்தினால் பக்கம் மாறும்படி செய்திருப்பார்கள். கைச் சின்னத்தை நம்பாதீர்கள். பிரவுசர் தானாகக் கை காட்டுவது லிங்க்குக்குத்தான், பட்டனுக்கு அம்புக்குறிதான். ஆனால் பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ்ஸில் ஒரு வரி எழுதினால் எதன் மேலும் கை வரும். மவுஸை மேலே வைத்துவிட்டுத் திரையின் கீழ் இடது மூலையைப் பாருங்கள். அங்கே முகவரி தெரிந்தால் அது லிங்க். இருக்கிற பக்கத்தின் முகவரியே வந்து கடைசியில் ஒரு # மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தால் அது லிங்க் வேஷம் போட்ட பட்டன். புதிய டேபில் திறந்தால் அதே பக்கம்தான் மறுபடி வரும்.

இதில் அதிகம் அடிபடுவது நீங்களும் நானும் இல்லை. என்னோடு வேலை செய்யும் பார்வையற்ற நண்பர் என்விடிஏ என்ற திரைவாசிப்பு மென்பொருளை வைத்திருக்கிறார். அதில் கே விசை லிங்க்குக்கு லிங்க் தாவும், பி விசை பட்டனுக்குப் பட்டன் தாவும். இந்தப் போலிகள் எந்தத் தாவலிலும் சிக்காது. வரி வரியாகப் படிக்க வைத்தால்தான் 'கிளிக் செய்யலாம்' என்று ஒரு குறிப்பாவது வரும். ஒரு டிக்கெட் எடுக்க இத்தனை பாடா?

மவுஸ் பழுது. டேப் விசையில் நகர்ந்து ஸ்பேஸ் பாரைத் தட்டினால் சில இடங்களில் வேலை ஆகிறது, சில இடங்களில் பக்கம் கீழே இறங்கிவிடுகிறது.
– டிடிபி ஆபரேட்டர், சிவகாசி

பட்டனுக்கு என்டரும் ஸ்பேஸும் இரண்டுமே செல்லும். லிங்க்குக்கு என்டர் மட்டும்தான். லிங்க்கில் நின்று ஸ்பேஸைத் தட்டினால் பிரவுசர் அதைப் 'பக்கத்தை இறக்கு' என்று எடுத்துக்கொள்ளும். பட்டன் மாதிரி பெட்டி கட்டி, வண்ணம் பூசி வைத்த லிங்க்குகளில்தான் எல்லோரும் ஏமாறுகிறோம். என்டரையே பழகிக்கொள்ளுங்கள். ஆப்பிள் மேக்கில் சஃபாரி வைத்திருப்பவர்களுக்கு ஒரு கொசுறு: அங்கே டேப் விசை லிங்க்குகளைத் தாண்டிப் போய்விடும். ஆப்ஷன் விசையோடு சேர்த்து அழுத்தினால் லிங்க்கிலும் நிற்கும்.

கல்லூரி விண்ணப்பத்தில் 'சமர்ப்பி' அழுத்தினேன். நெட் போய்விட்டது, பட்டன் சாம்பல் நிறமாகிவிட்டது. ரீலோட் செய்தும் அப்படியே இருக்கிறது. தோழியின் க்ரோமில் ரீலோட் செய்ததும் சரியாகிவிடுகிறது. என்னுடையது ஃபயர்பாக்ஸ்.
– மாணவி, நாகர்கோவில்

ஃபயர்பாக்ஸின் பழைய பழக்கம் இது. ரீலோட் செய்தாலும் நீங்கள் நிரப்பியது போய்விடக் கூடாது என்று படிவத்தின் நிலையை ஞாபகம் வைத்துக்கொள்ளும். நல்ல எண்ணம்தான். ஆனால் முடக்கி வைத்த பட்டனையும் முடங்கியதாகவே ஞாபகம் வைத்துக்கொள்கிறது. அதே முகவரியைப் புதிய டேபில் திறங்கள், பட்டன் உயிரோடு வரும். அதற்கு முன்னால், பணம் கட்டும் பக்கமாக இருந்தால் பணம் போய்விட்டதா என்று வங்கிக் கணக்கைப் பார்த்துவிட்டு அழுத்துங்கள். தளம் செய்பவர்கள் அந்தப் பட்டனுக்கு ஆட்டோகம்ப்ளீட் என்ற அமைப்பை 'ஆஃப்' என்று வைத்தால் இந்தத் தொல்லையே இல்லை.

வெப் டிசைன் கற்றுக்கொள்கிறேன். படிவத்தில் 'ரத்து' என்று ஒரு பட்டன் வைத்தேன். அழுத்தினால் படிவம் போய்ச் சேர்ந்துவிடுகிறது! பேசாமல் 'ரத்து', 'அழி' எல்லாவற்றையும் லிங்க்காக வைத்துவிடலாமா?
– திருப்பூர் வாசகர்

வேண்டாம், வேண்டாம். முதலில் 'ரத்து' கதை. படிவத்துக்குள் இருக்கும் பட்டனுக்கு இது இன்ன வகை என்று நீங்கள் சொல்லாவிட்டால், பிரவுசர் அதை 'சப்மிட்', அதாவது படிவத்தை அனுப்பு என்றே எடுத்துக்கொள்ளும். விதியே அப்படி. டைப் என்ற இடத்தில் 'பட்டன்' என்று எழுதுங்கள், அடங்கிவிடும்.

'அழி' விஷயம் இதைவிடப் பெரிது. 2005இல் கூகுள், வெப் ஆக்சிலரேட்டர் என்று ஒன்றை வெளியிட்டது. பக்கத்தில் உள்ள லிங்க்குகளை நீங்கள் தொடும் முன்பே அது போய்த் திறந்து எடுத்து வைத்துக்கொள்ளும், வேகத்துக்காக. சில தளங்களில் 'அழி' என்பது சாதாரண லிங்க்காக இருந்தது. ஆக்சிலரேட்டர் அதையும் சமர்த்தாகத் திறந்தது. யாரும் அழுத்தாமலே ஆட்களின் குறிப்புகள் அழிந்தன. ஊரெல்லாம் கூகுளைத் திட்டினார்கள். என்னைக் கேட்டால் பாதித் திட்டு தளம் கட்டியவர்களுக்குப் போயிருக்க வேண்டும். லிங்க்கைத் திறப்பதால் எதுவும் மாறக் கூடாது என்பது பிரவுசரும் தளமும் பேசிக்கொள்வதற்கான 1999இன் ஹெச்டிடிபி விதிகளிலேயே இருந்தது. அழிப்பது, பணம் கட்டுவது, வெளியேறுவது எல்லாம் பட்டனுக்குரிய வேலைகள். அந்தப் பட்டனும் 'போஸ்ட்' முறையில், அதாவது எதையாவது மாற்றுவதற்கென்றே ஹெச்டிடிபியில் உள்ள முறையில் அனுப்ப வேண்டும்.

ஐபோனில் ஒரு கடையின் தளத்தில் மெனுவை இரண்டு தடவை தொட்டால்தான் உள்ளே போகிறது. சஃபாரியை விட்டு க்ரோம் போட்டேன். அதிலும் அப்படியே!
– இல்லத்தரசி, கோவை

பெயர்தான் க்ரோம். ஐபோனில் அதற்குள் ஓடுவது, பக்கத்தை வரைந்து காட்டும் சஃபாரியின் வெப்கிட் இன்ஜின்தான். ஆப்பிள் வைத்த நிபந்தனை அது. 2024இல் ஐரோப்பிய ஒன்றியத்துக்குத் தளர்த்தினார்கள், நமக்கு இல்லை. அதனால் பிரவுசரை மாற்றிப் பயனில்லை. அந்த மெனு, மவுஸை மேலே வைத்தால் விரியும்படி செய்யப்பட்டிருக்கிறது. விரலுக்கு 'மேலே வைப்பது' என்ற ஒன்று இல்லையே. அதனால் ஐபோன் முதல் தொடுதலை மவுஸ் வைத்ததாகக் கணக்கிட்டு மெனுவை விரிக்கிறது, இரண்டாவதைத்தான் கிளிக்காக எடுக்கிறது. கடைக்காரருக்கு எழுதும்போது 'ஹோவர் பிரச்சினை' என்று ஒரு வார்த்தை சேர்த்துவிடுங்கள். அவருடைய டெவலப்பருக்குப் புரிந்துவிடும்.