மலைச்சரிவில் வீடு, பக்கத்தில் காடு: பெர்மிட் கேள்விகளும் பதில்களும்

கலிஃபோர்னியா மலைப்பகுதிகளில் பழைய வீட்டைப் புதுப்பிப்பவர்கள் கேட்கும் கேள்விகள் இவை. காற்று அள்ளிவரும் தீக்கங்கு எந்த இடுக்கில் நுழையும் என்ற கவலைதான் இங்குள்ள பாதி விதிகளுக்குக் காரணம். மீதிப் பாதிக்கு, சரியும் மண்.

கேள்வி: ஓக்லண்ட் மலையில் 1978-ல் கட்டிய வீடு. சமையலறையைப் புதுப்பித்து, பின்புறம் 300 சதுர அடி கூட்டிக் கட்டப் போகிறோம். தீத்தடுப்பு விதிகள் எங்களுக்கும் உண்டா?

சமையலறை வேலை வீட்டுக்குள்ளேயே முடிந்தால் கட்டட, மின்சார, பிளம்பிங் பெர்மிட்டோடு சரி. கூட்டிக் கட்டும்போது வெளிச்சுவரும் கூரையும் வந்துவிடுகின்றன, தீத்தடுப்பு விதி பார்ப்பது அவற்றைத்தான். முதலில் உங்கள் மனை எந்தத் தீ அபாய மண்டலத்தில் இருக்கிறது என்று பாருங்கள்: மிதம், அதிகம், மிக அதிகம் என மூன்று உண்டு. நகரங்களுக்கான வரைபடங்களை மாநிலத் தீயணைப்புத் துறையான கால் ஃபயர் 2025-ல் மாற்றி வெளியிட்டது. வீடு வாங்கியபோது பார்த்ததை நம்பி இருந்துவிடாதீர்கள்.

2008 ஜூலை 1-க்கு முன் கட்டிய வீடுகளில் செய்யும் மாற்றங்களுக்கு மாநிலக் கட்டட விதித்தொகுப்பில் தீத்தடுப்பைச் சொல்லும் 7ஏ அத்தியாயம் விலக்கு கொடுத்திருந்தது. கான்ட்ராக்டர்கள் பலர் இன்னும் அதையே சொல்வார்கள். ஆனால் உள்ளூர்ச் சட்டம் போட்டு அந்த விலக்கை எடுத்துவிட்ட ஊர்கள் உண்டு. 2026 ஜனவரி 1 முதல் இந்த விதிகள் தனித் தொகுப்பாகவும் வந்துவிட்டன. ஆகவே பில்டிங் டிபார்ட்மென்ட்டிடம் மின்னஞ்சலில் கேளுங்கள். எழுத்தில் பதில் வந்த பிறகு பிளான் போடச் சொல்லுங்கள். தீப்பிடித்தால் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளரையும் அதே மின்னஞ்சலில் கேட்டுவிடலாம். ஸ்பிரிங்க்ளர் இல்லாத பழைய வீட்டைக் கூட்டிக் கட்டும்போது மாநில விதி அதைக் கேட்பதில்லை, சில ஊர்கள் கேட்கும்.

கேள்வி: பொந்துகளில் தீக்கங்கு புகாமல் இருக்க, கடையில் வாங்கிய மெல்லிய கம்பிவலையை எல்லா வென்ட்டிலும் (காற்றோட்டத் திறப்பு) அடித்தோம். இன்ஸ்பெக்டர் ஏற்கவில்லை. ஏன்?

பெர்மிட் இல்லாமல் நீங்களாகவே பழைய வென்ட்டைப் பலப்படுத்துவதாக இருந்தால் 1/8 அங்குலத்துக்கு மிகாத உலோக வலை நல்ல காரியம்தான். 1/16 இன்னும் நல்லது. ஆனால் தீத்தடுப்பு விதிக்கு உட்பட்ட பெர்மிட் வேலையில், தீயும் கங்கும் புகாமல் தடுக்கிறதா என்று பார்க்கும் ஏஎஸ்டிஎம் இ2886 சோதனையில் தேறிப் பட்டியலில் உள்ள வென்ட் வேண்டும். அதைக் கையில் எடுத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். சிலவற்றில் உள்ளே தேன்கூடு போன்ற ஒரு அடுக்கு இருக்கும். சூடு பட்டதும் உப்பி வழியை அடைத்துவிடும். பெயிண்டர் அதன் மேல் பெயிண்ட் தெளித்தால் வென்ட்டின் சிறு துளைகள் அடைபட்டுப்போகும். பெயிண்ட் அடிக்கும் முன் டேப் ஒட்டச் சொல்லுங்கள்.

இன்னொரு சிக்கல் காற்றோட்டம். பரண் பரப்பில் 150-ல் ஒரு பங்கு காற்று வழி வேண்டும் என்பது பொதுக் கணக்கு. 1,500 சதுர அடிக்கு 10 சதுர அடி, அதாவது 1,440 சதுர அங்குலம். புதிய வென்ட் ஒன்று 72 சதுர அங்குலம்தான் தரும் என்றால் 20 வென்ட் தேவை. பழையதைக் கழற்றிய இடத்திலேயே புதியதை மாட்டினால் பெரும்பாலும் கணக்கு இடிக்கும், பரணில் ஈரம் தங்கும். வென்ட் வந்த பெட்டியையும் லேபிளையும் கடைசி இன்ஸ்பெக்‌ஷன் முடியும்வரை தூக்கிப் போடாதீர்கள்.

கேள்வி: வளைவான களிமண் ஓட்டுக் கூரை. ஒழுகும் பகுதியை மட்டும் மாற்றலாமா?

மிக அதிக அபாய மண்டலத்தில், ஓராண்டுக்குள் கூரையின் பாதிக்கு மேல் மாற்றினால் முழுக்கூரையும் தீயைத் தாங்குவதில் மிக உயர்ந்த தரமான ‘கிளாஸ் ஏ’ ஆக வேண்டும். வளைவு ஓட்டில் ஆபத்து அதன் அடியில் இருக்கும் வெற்றிடம். இறவாரத்தின் ஓரத்தில் குருவி கூடு கட்டும் அந்தத் துளை வழியே கங்கு ஓட்டுக்கு அடியில் உள்ள மரப்பலகை வரை போய்விடும். துளைகளை அடைக்க வேண்டும், இல்லையேல் பலகை மேல் 72 பவுண்டு கேப் ஷீட் (கனமான கூரை விரிப்பு) ஒரு அடுக்கு விரிக்க வேண்டும். இரண்டு சரிவுகள் சேரும் பள்ளத்தில் 36 அங்குல அகலத்துக்கு அதே ஷீட், அதன் மேல் 26 கேஜ் தடிமனுள்ள உலோகத் தகடு.

இதெல்லாம் ஓடு ஏறிய பின் கண்ணுக்குத் தெரியாது. ஒரே நாளில் ஷீட்டும் விரித்து ஓடும் போட்டுவிட்டால், இன்ஸ்பெக்டர் ஓட்டைக் கழற்றிக் காட்டச் சொல்வார்.

கேள்வி: மூன்றரை அடி தடுப்புச்சுவருக்குப் பெர்மிட் வேண்டாம் என்கிறார் கான்ட்ராக்டர். சரியா?

நான்கு அடி வரை விலக்கு உண்டு. ஆனால் அது அடித்தளத்தின் அடியிலிருந்து சுவரின் உச்சி வரை அளப்பது. வெளியே மூன்றரை அடி தெரிந்து, மண்ணுக்குள் ஒன்றரை அடி இருந்தால் அது ஐந்து அடிச் சுவர். பின்னால் சரிவோ, கார் நிறுத்தும் இடமோ சுவரை அழுத்தினால் நான்கடிக்குக் குறைந்தாலும் பல ஊர்களில் விலக்கு கிடைக்காது. தடுப்புச்சுவர் விழுவதற்குப் பெரும்பாலும் பின்னால் தேங்கும் தண்ணீர்தான் காரணம். துளையிட்ட குழாயும் ஜல்லியும் இல்லாத பிளானை ஏற்காதீர்கள். மண் பரிசோதனை அறிக்கை கேட்கப்பட்ட வேலையில், அஸ்திவாரக் குழியை மண் எஞ்சினியர் பார்த்துக் கடிதம் தந்த பிறகே கான்கிரீட்.

கேள்வி: சரிவை ஒட்டி 180 சதுர அடியில் தனி டெக் (திறந்தவெளி மேடைத்தளம்). பெர்மிட் வேண்டுமா?

200 சதுர அடிக்குள் இருந்து, வீட்டோடு சேராமல், வெளியேறும் முக்கியக் கதவுக்கு முன் இல்லாமல், தரையிலிருந்து எந்த இடத்திலும் 30 அங்குலம் தாண்டாமல் இருந்தால் வேண்டாம். சரிவில் அந்தக் கடைசி நிபந்தனை அனேகமாகத் தவறிவிடும். மேல்பக்கம் ஒரு அடி இருக்கும் டெக் கீழ்ப்பக்கம் ஐந்து அடி நிற்கும். பெர்மிட் தேவையில்லாத டெக்குக்கும் தீத்தடுப்பு விதி உண்டு.

கேள்வி: கான்ட்ராக்டர் 30 சதவீதம் முன்பணம் கேட்கிறார், பெர்மிட்டை எங்கள் பெயரில் எடுக்கச் சொல்கிறார்.

இரண்டுக்கும் ஒத்துக்கொள்ளாதீர்கள். வீட்டுப் புதுப்பிப்பில் முன்பணம் 10 சதவீதம் அல்லது 1,000 டாலர், இதில் எது குறைவோ அதுதான் சட்ட உச்சவரம்பு. உங்கள் பெயரில் எடுத்தால் வேலையில் வரும் குறைகளுக்கும், வேலையாள் அடிபட்டால் வரும் பொறுப்புக்கும் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டிவரும். அவருடைய லைசென்ஸ் எண்ணை மாநில உரிம வாரியத்தின் தளத்தில் போட்டு, அது செல்லுபடியாகிறதா, தொழிலாளர் காப்பீடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள்.