பழைய டிரெய்லர்: ஜாயின்ட்டில் துரு ஏறாமல் இருக்க

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பழைய டிராக்டர் டிரெய்லரைப் பற்றித்தான். ஐப்பசி மழைக்குள் வேலையை முடிக்க எல்லோருக்கும் அவசரம். ஆனால் அவசரத்தில் மூடிய ஜாயின்ட்தான் முதலில் அழுகும். ஒரு நாள் கூடுதலாகக் காயட்டும்.

*தாத்தா வாங்கிய ரெண்டு சக்கர டிரெய்லர். பக்கத் தகடும் தரைத் தகடும் சேரும் இடத்தில் ரெட் ஆக்சைடு அடித்துவிட்டு சீலர் போடலாமா? (குடியாத்தம்)*

சீலர் போடுங்கள், ரெட் ஆக்சைடை நம்ப வேண்டாம். அது கொஞ்சம் கொஞ்சமாக ஈரத்தை உள்ளே விடும். எபாக்ஸி பிரைமர் வாங்குங்கள். கிரைண்டரில் கப் பிரஷ் மாட்டி, ஜாயின்ட்டின் இருபுறமும் இரண்டு விரல் அகலத்துக்கு வெள்ளையாக இரும்பு தெரியும் வரை தேய்க்க வேண்டும். முகமூடி கட்டிக்கொள்ளுங்கள், பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். தின்னர் துணியால் துடைத்து முதலில் பிரைமர், அதன்மேல் சீலர், அதற்கும் மேலே பெயின்ட். இந்த வரிசை மாறக்கூடாது. சீலர் தண்ணீரைத்தான் தடுக்கும், இரும்பைக் காப்பது அடியில் இருக்கும் பிரைமர்.

*டிரெய்லரில் துரு இருக்கிறது. என்ன செய்யலாம்? (வாலாஜா)*

எங்கே இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று ஒரு வரி எழுதியிருக்கலாமே. சின்னச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். 'டங்' என்று கேட்டால் தகடு மிச்சம் இருக்கிறது. மொத்தென்று கேட்டாலோ, செதில் செதிலாகக் கொட்டினாலோ வெட்டி எடுத்துப் புதுத் தகடு போட வேண்டியதுதான். தட்டிப் பார்த்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.

*பாத்ரூமுக்குப் போடும் சிலிக்கான் மலிவாகக் கிடைக்கிறது. அதையே ஜாயின்ட்டில் போட்டால் என்ன? (ஆற்காடு)*

இதையே மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். எத்தனை முறை எழுதினாலும் இந்தக் கேள்வி திரும்பி வருகிறது. போடாதீர்கள்.

மலிவான சிலிக்கானைப் பிதுக்கியதும் மோந்து பாருங்கள், வினிகர் வாடை அடிக்கும். இறுகும்போது அது அசிட்டிக் அமிலம் விடுகிறது. துருவைத் தடுக்கப் போய் இரும்பின்மேல் நாமே அமிலத்தைப் பூசுகிறோம். வாடை வராத நியூட்ரல் வகை அமிலம் விடாதுதான், ஆனால் அதன்மேலும் பெயின்ட் ஒட்டாது. சிலிக்கான் பட்ட கையால் தகட்டைத் தொட்டாலே அந்த இடத்தில் பெயின்ட் குழி குழியாக விலகும்.

போன வருஷம் அம்முண்டி ஆலைக்குக் கரும்பு ஏற்றும் டிரெய்லர் ஒன்று என் பட்டறைக்கு வந்தது. முந்தைய கோடையில் வேறொரு இடத்தில் சிலிக்கான் போட்டுப் பெயின்ட் அடித்திருந்தார்கள். பார்க்கப் புது வண்டி மாதிரி இருந்தது. ஓரத்தை ஸ்க்ரூடிரைவரால் நெம்பி இழுத்தேன். ஒன்றரை அடி நீளத்துக்கு ரிப்பன் போல அப்படியே கையோடு வந்தது, அடிப்பக்கம் முழுக்கக் காவிப் பொடி. உள்ளே துரு அடை அடையாக உப்பி இரண்டு தகட்டையும் பிரித்து நிறுத்தியிருந்தது. இரும்பு துருவானால் பல மடங்கு இடம் கேட்கும், வெல்டையே பிளந்துவிடும். அந்த விவசாயிக்குத் தரைத் தகடு முழுக்க மாற்ற வேண்டியதாகிவிட்டது. மாற்றாத தகடுகளில் ஒட்டியிருந்த பிசுக்கைச் சுரண்டி எடுக்க எனக்கு இரண்டு நாள் பிடித்தது. எல்லாம் டியூப்புக்கு நூறு இருநூறு ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் வந்த வினை.

கடையில் பியூ சீலன்ட் என்று கேட்டு வாங்குங்கள், அதாவது பாலியூரித்தேன். பெயின்ட் ஏற்கும், வண்டி குலுங்கினாலும் விரிசல் விடாது. பட்டி வைத்து அடைப்பவர்களுக்கும் இதே பதில்தான். பட்டி குலுங்கலில் வெடிக்கும், ஈரத்தை உறிஞ்சும்.

*எந்த ஜாயின்ட்டை மூடுவது, எதை விடுவது? (அணைக்கட்டு)*

நல்ல கேள்வி. பழைய டிரெய்லரில் வெல்டிங் விட்டு விட்டுத்தான் வைத்திருப்பார்கள், இடையில் உள்ள சந்து தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். மேலேயிருந்து தண்ணீர் இறங்கும் சந்து எல்லாவற்றையும் மூடுங்கள். அடியில் தண்ணீர் வெளியேறும் விளிம்பை மட்டும் மூடவே கூடாது. சேனலில் தண்ணீர் தேங்கும் இடத்தில் 10 மி.மீ. துளை போட்டு, துளை ஓரத்துக்கும் பிரைமர் தடவுங்கள். தண்ணீர் எப்படியும் கொஞ்சம் உள்ளே போகும், வெளியே வர வழி வேண்டும்.

*உப்புத் தோல் ஏற்றிய டிரெய்லரை வாங்கினேன். பெயின்ட் அடித்த இரண்டே மாதத்தில் கொப்புளம். (பேரணாம்பட்டு)*

பெயின்ட்டுக்கு அடியில் உப்பு இருக்கிறது, அது ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். ஜாயின்ட்டைச் சுற்றிப் பெயின்ட்டை முழுக்க எடுத்துவிட்டு, சர்வீஸ் ஸ்டேஷனில் பிரஷர் வாட்டரால் சந்துகளைக் குறைந்தது மூன்று முறை கழுவுங்கள். ஒவ்வொரு முறையும் வெயிலில் காயட்டும். மறுநாள் காலை பாருங்கள்: தகடு முழுக்க ஒரே நிறமாக இருந்து, சந்து ஓரத்தில் மட்டும் ஆரஞ்சுப் புள்ளிகள் பூத்திருந்தால் அங்கே இன்னும் உப்பு இருக்கிறது. திரும்பக் கழுவுங்கள். யூரியா, பொட்டாஷ் மூட்டை ஏற்றிய வண்டிக்கும் இதே வைத்தியம்.

*துரு கரைக்கும் பாஸ்பாரிக் அமிலத்தை சந்துக்குள் ஊற்றலாமா? (ஆரணி)*

வேண்டாம். தட்டையான இடத்தில் தடவிக் கழுவலாம். சந்துக்குள் போனதைக் கழுவி எடுக்க முடியாது, அதன்மேல் எபாக்ஸியும் பிடிக்காது.

*டிராக்டரில் மாட்டியபடியே வெல்டிங் செய்யலாமா? (காட்பாடி)*

கழற்றிவிடுங்கள். எர்த் கிளாம்ப்பை வெல்டுக்குப் பக்கத்திலேயே பிடியுங்கள். சக்கரப் பக்கம் பிடித்தால் கரன்ட் பேரிங் வழியாகப் போய் அதில் புள்ளி விழும். மூடிய பைப்பில் துளை போடாமல் வெல்டு வைக்காதீர்கள், உள்ளே தண்ணீர் இருந்தால் வெடிக்கும்.

*சீலர் காய எவ்வளவு நேரம்? (போளூர்)*

டியூப்பில் வரும் பியூ சீலர் காற்றில் உள்ள ஈரத்தை எடுத்துத்தான் இறுகும், ஒரு நாளைக்குச் சுமார் 3 மி.மீ. ஆழம். தடிமனாக அப்பியிருந்தால் மூன்று நாள் வண்டியைத் தொடாதீர்கள்.