லேசர் இதயக் குழாய் அடைப்பைக் கரைக்குமா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கே: அப்பாவுக்கு 80 சதவீத அடைப்பு. லேசர் செய்யலாமா?

ப: எந்தக் குழாயில், எந்த இடத்தில், நடந்தால் நெஞ்சு வலிக்கிறதா, ஏற்கெனவே ஸ்டென்ட் (குழாயைத் திறந்தபடி நிறுத்தும் சிறு வலைக்குழல்) உண்டா? ஒன்றையும் எழுதவில்லை. வெறும் சதவீதத்தை வைத்து யாராலும் பதில் சொல்ல முடியாது. ஆஞ்சியோ படம் பதிந்த சிடியோடு இதய மருத்துவரைப் பாருங்கள்.

கே: லேசர் சூட்டில் குழாய் வெந்துவிடாதா?

ப: வேகாது. இது எக்ஸைமர் லேசர். 308 நானோமீட்டர் புறஊதா ஒளி. பாய்வது சுமார் 50 மைக்ரான் ஆழம்தான், ஒரு தலைமுடிக் கனம். கண்ணுக்குச் செய்யும் லேசிக்கும் இதே இனம், அலைநீளம் மட்டும் 193.

கே: லேசர் செய்தால் ஸ்டென்டே வேண்டாம் என்று விளம்பரம் பார்த்தேன். உண்மையா?

ப: இல்லை. இப்படி ஆசை காட்டுவதைப் பார்த்தால் கோபம்தான் வருகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். பெரிய இதயக் குழாயின் உள்விட்டம் 3 மில்லிமீட்டர் அளவு. அதிகம் பயன்படும் லேசர் கதீட்டரின் (உள்ளே செலுத்தும் மெல்லிய குழல்) முனை 0.9 மில்லிமீட்டர், மிகப் பெரியதே 2தான். அது குடைவது ஒரு சந்து. அதை அகலமாக்கப் பலூன் வேண்டும், திறந்தபடி நிறுத்தப் பெரும்பாலும் ஸ்டென்ட் வேண்டும். வழிகாட்டும் மெல்லிய கம்பி நுழைந்தும் பலூன் நுழையாத அடைப்பு, பழைய ஸ்டென்டுக்குள் வளர்ந்த சதை, காலிலிருந்து எடுத்து இதயத்தில் பைபாஸ் வைத்த ரத்தக்குழாய்க்குள் ரத்தக்கட்டி: லேசருக்கு வேலை இங்கேதான். சுண்ணாம்பு கெட்டியாகப் படிந்திருந்தால் லேசர் திணறும். வைரத்தூள் பதித்த, வேகமாகச் சுழலும் ரோட்டா முனைதான் அதைத் தேய்க்கும். சாதாரண அடைப்புக்குப் பலூனும் ஸ்டென்டுமே போதும். அதற்குப் போய் லேசருக்கும் சேர்த்துப் பணம் கட்டாதீர்கள்.

கே: செய்யும்போது என்ன தவறு நேரலாம்?

ப: குழாய்ச் சுவர் கிழியலாம், அரிதாக ஓட்டை விழலாம். ரத்தமோ, படம் எடுக்கச் செலுத்தும் சாய மருந்தோ முனையருகே நின்றால் லேசர் பட்டுக் குமிழி வெடித்துச் சுவரைத் தாக்கும். அதனால்தான் முதலில் சாயத்தைக் கழுவி, லேசர் ஓடும் நேரமெல்லாம் சலைனைச் செலுத்துவார்கள். முனை நொடிக்கு 1 மில்லிமீட்டருக்கு மேல் நகரக் கூடாது. அவசரமாகத் தள்ளினால் ஒளி அரிப்பதற்குள் முனை முட்டிக் கிழிக்கும்.

கே: அதிர்வலை பலூனும் லேசர்தானே?

ப: இல்லை. அது ஒலி அலை. சுண்ணாம்பை விரிசல் விடவைக்கும்.

கே: லேசர் செய்து இரண்டு மாதம். பல் பிடுங்க, ரத்தம் உறையாமல் தடுக்கும் குளோபிடோக்ரல் மாத்திரையை நிறுத்திவிட்டேன், சரியா?

ப: தவறு. யாரைக் கேட்டு நிறுத்தினீர்கள்? உள்ளே ஸ்டென்ட் இருந்தால் அதில் ரத்தம் உறைந்து மாரடைப்பு வரலாம். பொதுவாக 6 மாதம், மாரடைப்புக்குப் பின் வைத்ததென்றால் ஓராண்டு ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் என இரண்டு மாத்திரையும் வேண்டும். அதற்குப் பிறகும் ஒன்று தொடரும். இன்றே உங்கள் இதய மருத்துவரை அழையுங்கள். பல் காத்திருக்கும்.