நாணல் அம்பும் மருள் நாணும்

கேள்வி: என் பையன் வில், அம்பு கேட்டு அடம்பிடிக்கிறான். ஆற்றோரத்தில் கிடைப்பதை வைத்தே செய்ய முடியுமா?
- ஒரு வாசகி, முசிறி

பதில்: தாராளமாக முடியும் அம்மா. அம்புக்கு நாணல்தான். சரம் என்ற சொல்லுக்கு நாணல், அம்பு இரண்டுமே பொருள். முருகனின் சரவணம்கூட நாணற்காடுதான். பூத்து முற்றி, தட்டை மஞ்சளானதை அறுங்கள். பச்சையாக அறுத்தால் காயும்போது சுருங்கிக் கோணிவிடும். பத்துப் பதினைந்தைச் சேர்த்து இறுக்கிக் கட்டி நிழலில் போடுங்கள். மிச்சமிருக்கும் கோணலைத் தணலில் லேசாக வாட்டி நிமிர்த்தலாம். முனையைக் கூராக்காமல் பழந்துணி உருண்டை கட்டுங்கள், சின்னப் பையன்தானே!

நாணுக்கு, அதாவது வில்லின் கயிற்றுக்கு, மருள் என்ற செடி. கற்றாழை மாதிரி, ஆனால் மெல்லிசாக, பச்சையில் பட்டை பட்டையாகக் கோடு போட்டு நிமிர்ந்து நிற்கும். அந்தக் காலத்து வில்நாணே இதன் நாரில் திரித்ததுதான். இலையைப் பலகையில் வைத்து மொட்டைக் கத்தியால் சதையை வழித்தால் வெள்ளை நார் மிஞ்சும். அலசிக் காயவையுங்கள். அப்புறம் நாரை இரண்டு புரிகளாகப் பிரித்து, தனித்தனியே வலமாக முறுக்கி, ஒன்றோடொன்றை இடமாகச் சுற்றுங்கள். எதிரெதிர் முறுக்கு என்பதால் பிரியாது.

மருள் கிடைக்கவில்லை என்று நான் ஒருமுறை சீமைக் கற்றாழையை வெறுங்கையால் வழித்தேன். இரண்டு நாள் முழங்கை வரை அரிப்பு!